புறாக்கழுத்து நிறத்தில் ஒரு கார்புரேட்டர்

மனித குலம் இதுவரை செய்த பிழைகளிலேயே பெரியது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை ஊற்றியதுதான். போர்கள் ஒருநாள் முடிந்துவிடுகின்றன. ஒரு ராஜ்ஜியம் விழுந்தால் இன்னொரு ராஜ்ஜியம் எழுந்துகொள்கிறது. பெட்ரோல் கறை மட்டும் போவதே இல்லை. இந்த உண்மையை எந்த அவையிலும் எடுத்துச் சொல்ல முலாம்காரர் தயாராக இருந்தார். அவை எதுவும் கூப்பிடாததால் மனைவியிடம் சொல்லிவந்தார்.

முலாம்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவருக்கு அது பிடிக்காது. முலாம் பூசுகிறவன் இல்லாததைக் கொண்டுவந்து மேலே ஒட்டுகிறவன். அவரோ இருந்ததைத் திருப்பிக் கொண்டுவருகிறவர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற, இரண்டு கைகளில் அடங்கும் அந்த உலோகக் கூடு, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த முதல் நாளில் என்ன நிறத்தில் இருந்ததோ அதே நிறத்துக்கு அதை மீட்பது அவர் தொழில். பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ பார்சல் அனுப்புவார்கள். வரும்போது அது கரியும் பிசுக்கும் ஏறி, கிணறு தூர் வாரும்போது கிடைத்தது போல இருக்கும். போகும்போது மங்கிய பொன் நிறத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து போகும். போய்ச் சேருகிற இடத்திலும் கண்ணாடிப் பெட்டிதான். அவருடைய வாடிக்கையாளர்கள் காரை ஓட்டுகிறவர்கள் அல்ல, காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. அங்கே அவர் வெள்ளைப் பருத்திக் கையுறை போடாமல் நுழைய மாட்டார். பூச்சு முடிந்த புதிதில் அந்த மெல்லிய பொன் படலம் பால் ஏட்டைப் போல இருக்கும். விரல் பட்டால் ரேகை அப்படியே தங்கிவிடும். "பிறந்த குழந்தையைக்கூடத் தொடலாம், இதைத் தொடக்கூடாது" என்பார். அவர்களுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளையும் அவர் அதிகம் தொட்டதில்லை என்பதை மனைவி அந்த நேரம் பார்த்து நினைவூட்டுவாள்.

எதிர்ச்சாரியில் ஒரு மெக்கானிக் கடை இருந்தது. அந்த மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். வண்டி காலையில் கிளம்ப மறுத்தால் கார்புரேட்டரின் வாயில் ஒரு வாய் பெட்ரோலை ஊற்றி, கிரீஸ் படிந்த உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்திக்கொண்டு, "இப்ப அடி" என்று ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். காற்று கிடைக்காத எஞ்சின் தவித்துப்போய் பெட்ரோலை நிறைய உறிஞ்சும், பற்றிக்கொள்ளும். சில நாள் நெருப்பையும் துப்பும். அவருடைய இடது புருவம் அதனால்தான் பாதியோடு நின்றுவிட்டது.

"தூங்குறவனை மூக்கைப் பொத்தி எழுப்புறது ஒரு வைத்தியமா?" என்று முலாம்காரர் வாசலில் நின்றபடி கேட்பார்.

"எழுந்துட்டானா இல்லையா அண்ணே? அதைச் சொல்லுங்க."

"கொலைகாரனும் மூக்கைத்தான் பொத்துவான்."

"நீங்க பண்றது என்னவாம்? செத்தவனுக்குச் சவரம் பண்ணிப் பெட்டியில வைக்கிறீங்க."

இப்படி இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் பார்த்துப் புதிதாகக் குடிவந்தவர்கள் கைகலப்பு வரப்போகிறது என்று பயப்படுவார்கள். அடுத்த நிமிடம் மெக்கானிக் இவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார்.

முலாம்காரரின் அக்கா அடுத்த தெருவில் இருந்தாள். அத்தான் போன வருடம் இறந்துபோனார். அவர் விட்டுப்போனவற்றில் பெரியது ஒரு பழைய கார், அடுத்தது அதைப் பற்றிய சண்டை. அக்கா மகன் வெளியூரில் வேலை பார்த்தான். அவனுடைய நண்பன் ஒருவன் ரெஸ்டாரண்ட் திறக்கப்போகிறான். நுழைவாயிலில் இந்தக் காரை நிறுத்தி, கூரையில் பூந்தொட்டிகள் அடுக்கி, பின்சீட்டில் காத்திருப்பவர்களை உட்காரவைக்கலாம் என்று அவனுக்கு ஒரு யோசனை. அக்கா முடியாது என்றாள்.

"அம்மா, ஓடாத வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"ஓட்டப்போறேன்."

மகன் சிரித்தான். பிறகு அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருப்பது தெரிந்து சிரிப்பை நிறுத்தினான். முதல் தடவை டெஸ்டில் தோற்று, இரண்டாம் தடவை லைசென்ஸே வாங்கிவிட்டாள். இந்த வயதில் எங்கே போகப்போகிறாய் என்று கேட்டதற்கு, "எங்கேயும் இல்லை. முப்பது வருஷமா அந்தப் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து 'பார்த்து, பார்த்து'ன்னு சொல்லிச் சொல்லியே வாய் வலிச்சுப் போச்சு. இந்தப் பக்கம் உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்" என்றாள்.

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகன் லாரியோடு வருவான். அவன் கண் முன்னால் வண்டி கிளம்பி, அக்கா தெருவை ஒரு சுற்று வந்தால் கார் அவளுடையது. கிளம்பாவிட்டால் லாரியில் ஏறிவிடும். அதற்குமேல் அவளும் பேசக்கூடாது, அவனும் பேசக்கூடாது.

மெக்கானிக் வேலையில் இறங்கினார். பிரேக், பேட்டரி, வயரிங் எல்லாம் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றித் தன் கடை வாசலில் ஒரு தட்டில் வைத்தார். அங்கேதான் முலாம்காரரின் கண்ணில் அது பட்டது.

அதன் மேல் ஒரு சின்னப் பித்தளைத் தகடு திருகப்பட்டிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றினார். அத்தனை வருட அழுக்கும் வெயிலும் எட்டாத அந்த நகக்கண் அளவு இடத்தில் முதல் நாளின் நிறம் அப்படியே இருந்தது. வெறும் பொன் நிறம் இல்லை. சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ரோஜா, நடுவில் பெயர் இல்லாத ஏதோ ஒன்று. வெயிலில் நிற்கும் புறாவின் கழுத்து. அந்த நிறத்தை அவர் எத்தனையோ கார்புரேட்டர்களில் கொண்டுவர முயன்று தோற்றிருந்தார். ஒன்று மஞ்சள் காமாலை மாதிரி வரும், அல்லது பித்தளைக் குழாய் மாதிரி வரும்.

"இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

"அண்ணே, இது ஓடுற வண்டிக்கு."

"என் அக்கா வண்டி. என் அக்கா கார்புரேட்டர்."

"அதான் சொல்றேன். நான் ஊதிக் கழுவினா அரை மணி நேர வேலை."

"நீ ஊதுவே. வாயை வேற பொத்துவே," என்று அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் பின்னறை சாத்தியே இருந்தது. ஒவ்வொரு திருகாகக் கழற்றி, ஊறவைத்து, பிசுக்கை எடுத்தார். நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றோடு பீய்ச்சி, உலோகம் சாம்பல் பூத்தது போல வெளிறும் வரை தோலுரித்தார். அதன் பிறகுதான் அவருக்கே உரிய வேலை வந்தது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போக ஊசி முனை அளவில் துளைகள் இருக்கும். பூச்சுத் திரவம் அவற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டால், எல்லாம் காய்ந்த பிறகு ஒருநாள் மெல்லக் கசிந்து வந்து பொன்னின் மேல் கோடு இழுத்துவிடும். ஆகவே முக்குவதற்கு முன்னால் எல்லாத் துளைகளையும் உருக்கிய மெழுகால் அடைத்துவிடுவார். இது அவராகவே கண்டுபிடித்த முறை. மெழுகு மனைவியுடையது. கரண்ட் போகும்போது அவள் அலமாரியைத் துழாவி, "இந்த வீட்டுல மெழுகுவர்த்திக்குக் கால் முளைச்சிடுச்சு" என்பாள்.

மஞ்சள் திரவத்தில் முக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டி, எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, விளக்கடியில் பிடித்தார்.

புறாக்கழுத்து வந்திருந்தது.

அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மனைவியைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வந்தாள்.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாரு."

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். கேலியாக ஏதாவது சொல்ல வாயெடுத்தவள், "நல்லா இருக்குங்க" என்றாள். அந்த வீட்டில் ஒரு கார்புரேட்டருக்கு அப்படி ஒரு பாராட்டுக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு முன்வாசலில் கூட்டம் என்று சொல்லும்படி இல்லை. மெக்கானிக், முலாம்காரர், அவர் மனைவி, அக்கா, தெருவில் நின்ற லாரியின் டிரைவர், அக்கா மகன். கார் பானட்டைத் திறந்துகொண்டு பல் டாக்டரிடம் வந்தது போல நின்றது. மெக்கானிக் கார்புரேட்டரை மாட்டினார். முலாம்காரர் கொடுத்த வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் மாட்டினார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லை என்று லாரி டிரைவரிடம் சொல்லிக்கொண்டார்.

அக்கா மகன் குனிந்து பார்த்தான். "மாமா, பிரமாதம். என் ஃப்ரெண்ட் பார்த்தான்னா இதை மட்டும் தனியா ஒரு கண்ணாடிப் பெட்டியில வைப்பான். மேல ஒரு லைட்டு. உங்க பேரைப் போட்டு."

முலாம்காரர் இருமினார்.

அக்கா டிரைவர் சீட்டில் ஒரு மெத்தைத் திண்டைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திருப்பிச் சரி பார்த்தாள். சாவியைத் திருகினாள். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பற்றவில்லை.

"பிளக்," என்றார் மெக்கானிக் நம்பிக்கையோடு. பிளக்குகளை மாற்றினார். பற்றவில்லை. "காயில்" என்றார். காயிலும் இல்லை. "பம்ப்" என்று பெட்ரோல் குழாயைக் கழற்றிக் காட்டினார். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. கடைசியில் கையுறையைக் கழற்றி, "அண்ணே, மன்னிச்சுக்கோங்க" என்று வாயைப் பொத்தியும் பார்த்தார். வண்டி பெருமூச்சுகூட விடவில்லை. அவர் பாதிப் புருவத்தைச் சொறிந்துகொண்டார். "வண்டிக்கு மனசு இல்லை."

அக்கா மகன் லாரி டிரைவரைப் பார்த்தான். அவர் பின்கதவைத் திறந்து பலகையை இறக்கினார்.

"விட்டுடும்மா. பேசினது பேசினதுதானே."

"நான் ஒண்ணும் சொல்லலையேடா," என்றாள் அக்கா. ஆனால் இறங்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தன, டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த இடத்தில், சொல்லிக்கொடுத்தபடி.

முலாம்காரரின் மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். கணவரிடம் கொடுக்கும்போது பானட்டுக்குள் எட்டிப் பார்த்து, "என் மெழுகுவர்த்தி இன்னும் இதுக்குள்ளதான் இருக்கா? நேத்தும் இருட்டுலதான் சமைச்சேன்" என்றாள்.

முலாம்காரர் பானட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

அவர் இதுவரை எந்தக் கார்புரேட்டரிலிருந்தும் அந்த மெழுகை எடுத்ததில்லை. எடுக்க வெந்நீர் வேண்டும். வெந்நீர் பட்டால் நிறம் போய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரப்போகிற ஒன்றுக்கு மூக்கடைப்பு இருந்தால் யாருக்கு என்ன? இதுவரை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. யாரும் ஸ்டார்ட் பண்ணியதும் இல்லை.

அவர் சுற்றிலும் பார்த்தார். அவள் சொன்னது மெக்கானிக்குக்கு எட்டவில்லை. மனைவி அடுத்த டம்ளரை நீட்டப் போய்விட்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கார் ரெஸ்டாரண்டுக்குப் போகும். புறாக்கழுத்து விளக்குக்குக் கீழே, பெயரோடு, யார் கையும் படாமல், பெட்ரோலின் வாசனையே அறியாமல் இருக்கும். ஒரு மனிதர் வாழ்நாள் முழுவதும் கேட்டது தட்டில் வைத்து எதிரே வந்து நிற்கிறது.

"டேய்," என்று அக்கா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள்.

அவர் பக்கத்தில் போனார்.

"முகத்தைத் தொங்கப்போடாதே. நீ பண்ணினது ஒண்ணும் தப்பா இருக்காது. வண்டிக்குத்தான் வயசாயிடுச்சு." பிறகு தாழ்ந்த குரலில், "உங்க அத்தான் இருந்திருந்தா சிரிச்சிருப்பார். பார்த்து, பார்த்துன்னு நீ சொன்னியே, வண்டி பார்த்துக்கிட்டே நிக்குதுன்னு."

அவர் டீயை முன் மட்கார்டில் வைத்தார். வெறும் தகரத்தின் மேல், சூடான டம்ளரை, அடியில் எதுவும் போடாமல். மனைவி அதைப் பார்த்துவிட்டு ஏதோ நடக்கப்போகிறது என்று புரிந்துகொண்டாள்.

"அக்கா அடுப்புல தண்ணி வை. கொதிக்கணும்."

"எதுக்கு?"

"அடைச்சிருக்கு."

"என்ன அடைச்சிருக்கு?" என்றார் மெக்கானிக்.

முலாம்காரர் சொன்னார். சொல்லி முடித்ததும் மெக்கானிக் வாயைத் திறந்தார். ஒரு வருடத்துக்குத் தேவையான பேச்சு அந்த வாய்க்குள் தயாராக நின்றதை எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதை மூடிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார்.

அக்கா மகன் கடிகாரத்தைப் பார்த்தான். "மாமா, லாரிக்கு நேரமாச்சு."

"லாரிக்காரர் இன்னும் டீ குடிக்கலை," என்றாள் முலாம்காரரின் மனைவி. லாரி டிரைவர் காலி டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஆமாம், இன்னும் குடிக்கலை" என்றார்.

சமையலறையில் எந்தப் பாத்திரம் என்று ஒரு சிக்கல் வந்தது. "பால் பாத்திரத்தைத் தொட்டா தெரியும்" என்று அக்கா காரிலிருந்தே குரல் கொடுத்தாள். பெரிய குழம்புச் சட்டி கிடைத்தது. தண்ணீர் கொதித்தது. முலாம்காரர் கார்புரேட்டரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சட்டியின் மேல் பிடித்தபடி நின்றார். ஆவி அவருடைய கண்ணாடியை மூடியது. அது அவருக்கு உதவியாக இருந்தது. பார்க்காமலேயே இறக்கினார்.

முதலில் பச்சை போனது. அடுத்து ரோஜா. பிறகு பொன் நிறமும் வெளிறி, அங்கங்கே மயிரிழை விரிசல் விட்டு, ஆறிப்போன டீயில் ஊறிய துணியின் நிறத்துக்கு வந்து நின்றது. தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக மெழுகு மிதந்தது. மனைவி ஒரு கரண்டியால் அதை வழித்தெடுத்தாள். "என் மெழுகுவர்த்தி" என்று சொல்ல வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கரண்டியை ஓரமாக வைத்தாள். அவர் முழங்கையைத் தொட்டாள். அவ்வளவுதான்.

மெக்கானிக் காற்றுக் குழாயால் ஒவ்வொரு துளையாக ஊதினார். ஊதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மறுபடியும் மாட்டினார்கள். இந்தத் தடவை கையுறை இல்லை. இருந்தும் மெக்கானிக் வாயைப் பொத்துவதற்கு முன்னால் தன் உள்ளங்கையைச் சட்டையில் ஒரு தடவை, பிறகு உள்பனியனில் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். முலாம்காரர் எதிர்வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அடிங்கக்கா."

எஞ்சின் தும்மியது. புகை விட்டது. கொஞ்சம் நெருப்பும் துப்பியது, மெக்கானிக் கையை உதறினார். பிறகு பற்றிக்கொண்டு, வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் அதிரும்படி ஓடத் தொடங்கியது. மெக்கானிக் பானட்டைச் சாத்திவிட்டு ஒதுங்கினார்.

அக்கா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஏறுடா" என்றாள் மகனிடம். அவன் ஏறுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்தது. ஓடிப்போய் ஏறிக் கதவைச் சாத்தினான். கேட்டைத் தாண்டும்போது அவன் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"பார்த்தும்மா. பார்த்து, பார்த்து."

லாரி டிரைவர் பலகையை ஏற்றிக் கதவைச் சாத்தினார். மெக்கானிக் கை கழுவப் பின்பக்கம் போனார். அப்போது தெருமுனையில், திரும்புகிற இடத்தில், கார் ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருகும் சத்தம் இங்கே வரை கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. அக்கா மகனின் தலை ஜன்னலுக்கு வெளியே நீண்டு லாரியின் பக்கம் திரும்பியது.

"அவரைக் கூப்பிடவாங்க?" என்றாள் மனைவி, பின்பக்கம் கையைக் காட்டி.

மெக்கானிக் வாசலில் விட்டுப்போன பெட்ரோல் பாட்டிலை முலாம்காரர் எடுத்துக்கொண்டார். தெருவில் நடந்தார். ஓடவில்லை, ஓடுகிறார் என்று யாராவது நினைத்துவிடக்கூடாது என்பது போல நடந்தார். காரின் முன்னால் போய் பானட்டைத் தூக்கி நிறுத்தினார்.

"மாமா, சுற்று முடியலை," என்றான் அக்கா மகன்.

"முடியலைதான். இறங்காதே."

நிறம் போன கார்புரேட்டர் இன்னும் சூடாக இருந்தது. அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக் கழற்றினார். அதன் வாய்க்குள் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினார். கொஞ்சம் வெளியே வழிந்து, வெளிறிய பொன்னின் மேல் கோடாக இறங்கியது. சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறும் உள்ளங்கையை அந்த வாயின் மேல் வைத்து, இடைவெளி இல்லாமல் அழுத்திப் பொத்தினார்.

"அக்கா," என்றார். "இப்ப அடி."